குளத்துக்கு மேல் ஒரு குளம்
(இரண்டாமாண்டு, சிவில்)

ஹைட்ராலிக்ஸில் அரியர் வைத்தவன் தண்ணீரைப் பற்றிக் கட்டுரை எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். சைஃபன் கேள்வியைத் தொடாமலே பரீட்சை ஹாலை விட்டு வந்தவன்தான் நான். அந்த அரியருக்காகத் தேடிப் படித்தபோதுதான் ஜப்பானின் கனசாவா கோட்டைக் குளம் கண்ணில் பட்டது.

1631-ல் அந்த ஊரில் பெருந்தீ. கோட்டையோ மேட்டில், ஆறுகளோ பள்ளத்தில். மறு வருடமே சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்குத் தத்சுமி கால்வாயை வெட்டினார்கள். அதில் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கம். கோட்டை வாசலுக்கு வந்தால் அகழி குறுக்கே நிற்கிறது. தண்ணீரைக் குழாயில் விட்டு, கீழே இறக்கி, எதிர்ப்பக்கம் ஏற்றிவிட்டார்கள்! மோட்டார் இல்லாத காலம்.

கொத்தனாரான என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "இதுல என்னடா அதிசயம்? நம்ம மட்டக்குழாய்தானே! வர்ற வாய் கொஞ்சம் உசரமா இருந்தா, தண்ணி அந்தப் பக்கம் தானா வழியும்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. லீவு நாட்களில் அந்த டியூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவனே நான்தான்.

அந்தக் கால்வாய்த் தண்ணீரை வைத்துத்தான் 1634-ல் மயேதா தொஷித்சுனே என்ற பிரபு, கோட்டையின் மேற்குப் பக்கம் குளமும் தோட்டமும் அமைக்கத் தொடங்கினார். குளத்தின் அடியிலிருந்து கல்மதிலின் உச்சி வரை 22 மீட்டர். பிரபுக்கள் ஆட்சி 19-ஆம் நூற்றாண்டில் முடிந்தது. கோட்டை ராணுவத்தின் கைக்குப் போனது. குளம் மண்ணுக்குள் போனது. பிறகு அதே இடத்தில் உள்விளையாட்டு அரங்கம் ஒன்றையும் கட்டிவிட்டார்கள். 2008-ல் அதை இடித்துவிட்டுக் கவனமாகத் தோண்டிப் பார்த்தால், பழைய குளத்தின் கரை அடியில் அப்படியே கிடக்கிறது!

நாமாக இருந்தால் சேற்றை வாரிவிட்டுத் தண்ணீரை விட்டிருப்போம். அவர்கள் அளந்தார்கள், வரைந்தார்கள், பழைய படங்களோடு ஒப்பிட்டார்கள். பிறகு பழைய குளத்தை மண் போட்டுப் பத்திரமாக மூடி, அதற்கு மேலே அதே வடிவத்தில் புதுக்குளம் கட்டினார்கள். 2015 மார்ச்சில் திறந்தார்கள்.

"கண்டுபிடிச்சதை ஏன்டா திரும்ப மூடணும்?" என்று அப்பா கேட்டார். "நமக்குப் புரியாதது பின்னால வர்றவனுக்குப் புரியலாம்ப்பா. அவன் பார்க்கறதுக்கு அசல் இருக்கணும்ல" என்றேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எத்தனையோ பழைய அஸ்திவாரத்தைப் பேத்துப் போட்டிருக்கேன். என்கிட்ட யாரும் இப்படிச் சொன்னதில்லையேடா" என்றார்.

தோழர்களே, எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பாவிடம் யாரும் சொல்லாததை நான் படிக்கிறேன். எனக்குப் புத்தகத்தில் புரியாதது அப்பா கையில் இருந்தது. நாளை ஒரு பழைய குளமோ கட்டடமோ நம் பொறுப்பில் வந்தால், கடப்பாரைக்கு முன்னால் டேப்பை எடுப்போம். கூட வேலை செய்யும் கொத்தனாரிடமும் ஒரு வார்த்தை கேட்போம்.

அரியர் ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை சைஃபன் கேள்வியைத்தான் முதலில் எழுதினேன்.