அப்பாவின் வேனும் என் பொய்ப் பெட்டியும்

பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் நண்பர் ஒரு மாதமாக விரட்டுகிறார். கதை, கவிதை எனக்கு வராது. தெரிந்தது வண்டிதான். அதையே எழுதிவிடுகிறேன்.

என் அப்பா பெட்ரோல் வேனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர். சென்ற ஆண்டு அந்த வேன் திடீரென்று பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது. மீட்டர் போர்டில் மஞ்சள் என்ஜின் விளக்கு. சைலன்சர் பக்கம் போனால் கண் எரியும். ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு, "இ.சி.யூ. போயிடுச்சு, மாத்தணும்" என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். அப்பாவின் இரண்டு மாத வருமானம் அது. அன்று இரவு அவர் சாப்பிடும்போது ஒன்றுமே பேசவில்லை.

நான் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரி அப்பியிருந்தது. பெட்ரோல் அதிகம் போகிறது என்று அர்த்தம். ஆனால் ஆக்சிஜன் சென்சார் ஒயரில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால், என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் 0.1 வோல்ட்டிலேயே நின்றது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார்!

முதலாம் ஆண்டுத் தம்பிகளுக்காகக் கொஞ்சம் பாடம். புகைக்குழாயில் இருக்கும் இந்த சிர்கோனியா சென்சார் சுமார் 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது சரியான கலவை. பெட்ரோல் கூடினால் சென்சார் 0.9 வோல்ட் வரை காட்டும், குறைந்தால் 0.1. நல்ல வண்டியில் இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். போஷ் நிறுவனத்தின் இந்த சென்சார் 1976-ல் வால்வோ காரில் முதன்முதலாக வந்தது. நம் நாட்டில் 1995-ல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமான கேட்டலிடிக் கன்வெர்ட்டரும், கலவை சரியாக இருந்தால்தான் முழுதாக வேலை செய்யும்.

பிழை இ.சி.யூ.விலா, சென்சாரிலா? கண்டுபிடிக்க ஒரு பெட்டி செய்தேன். ஒரு 555 ஐ.சி., ஒரு 7805 ரெகுலேட்டர், சில ரெசிஸ்டர்கள், ஒரு ஸ்விட்ச். சென்சாருக்குப் பதிலாக இது பேசும். 0.1, 0.9, இரண்டுக்கும் நடுவே ஆடுவது என மூன்று நிலைகள்.

சனிக்கிழமை வேனைக் கல்லூரி ஷெட்டுக்குக் கொண்டு வந்தோம். சார் கேட்ட முதல் கேள்வி, "மாட்டறதுக்கு முன்னாடி அளந்தியா?"

"நேத்தே வீட்ல அளந்துட்டேன் சார்."

"நேத்து அளந்தது நேத்தைக்கு. இப்ப அள."

வேண்டா வெறுப்பாக மீட்டரை வைத்தேன். 0.9 காட்ட வேண்டிய இடத்தில் 5 வோல்ட்! பஸ்ஸில் வந்த குலுக்கலில், எர்த் பக்கத்து ரெசிஸ்டரின் கால் சால்டரிலிருந்து விட்டுப் போயிருந்தது. அப்படியே மாட்டியிருந்தால், நன்றாக இருந்த இ.சி.யூ.வை நானே கெடுத்திருக்கலாம். மறுபடி சால்டர் வைக்கும்போது கை நடுங்கியது.

பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பழைய பிழைப் பதிவை அழித்தோம். சென்சாரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை இணைத்தோம். என்ஜின் சூடானதும் ஸ்விட்சை 0.9-க்குத் தள்ளினேன். சில வினாடிகள்தான். என்ஜின் வெட்டி வெட்டி நிற்கப் பார்த்தது. "டேய், நிறுத்துடா!" என்று அப்பா ஓடி வந்தார். நானோ குதித்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் அதிகம் என்று பொய் சொன்னேன், இ.சி.யூ. நம்பிக் குறைத்துவிட்டது! 0.1-க்குத் தள்ளினால் அதே பெட்ரோல் வாடை. ஆக, இ.சி.யூ.வுக்கு ஒன்றுமில்லை. குற்றவாளி சென்சார்தான்.

கடைசியாக ஆடும் நிலையில் வைத்தேன். என்ஜின் அமைதியாக ஓடியது. விளக்கும் எரியவில்லை. அப்பா மெல்லக் கேட்டார்: "ஏம்ப்பா, இதையே வச்சு ஓட்டிட்டா என்ன? புது சென்சார் காசு மிச்சமாகுமே."

உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சார் ஒன்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்தார்.

"வேணாம்ப்பா. இந்தப் பெட்டிக்குப் புகையைப் பார்க்கத் தெரியாது. நாளைக்கு இன்ஜெக்டர் ஒழுகினாலும் எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொல்லும். விஷப்புகை வந்தா நமக்கும் தெரியாது. உள்ள பிள்ளைங்க உக்காந்திருக்கும்."

அப்பா திரும்பி வேனின் பின் இருக்கைகளைப் பார்த்தார். யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. "அப்ப வேணாம்" என்றார்.

புது சென்சார் வாங்கினோம். இ.சி.யூ.வுக்குக் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குதான் ஆயிற்று. வேன் பழைய மைலேஜுக்கு வந்துவிட்டது. பெட்டி இப்போது நம் ஆய்வகத்தில் இருக்கிறது. 'சோதனைக்கு மட்டும்' என்று மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். தம்பிகள் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் மாட்டும் முன் அளந்து பாருங்கள், நேற்றே அளந்திருந்தாலும் சரி!

- இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை