சாயத்தின் நிறமும் பக்க ஒளியும்

பக்கவாட்டு ஒளியாலும் வேண்டுமென்றே தளர்த்திய குவியத்தாலும் முகங்களைப் படமாக்கிய ஜூலியா மார்கரெட் கமரூன், 1879இல் இலங்கையில் இறந்து, பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்வூர்த் தேயிலையை விற்பனைக்காகப் படமெடுப்போருக்கு அவரது ஒளி உதவும். மங்கிய குவியம் உதவாது. கறுத்த தேயிலை, முன்னிருந்து விழும் ஒளியில் தட்டையாகிவிடுவதால், தாழ்ந்த பக்க ஒளியே அதன் முறுக்கைக் காட்டும்; கண்ணாடிக் குவளையிலுள்ள சாயத்துக்கோ பின்னொளி வேண்டும். நுண்பொருளைப் பெரிதாக்கும் மக்ரோ வில்லையில் கூர்மையாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீற்றரே என்பதால், கமராவை முக்காலியில் நிறுத்தி, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த பல படங்களைக் கணினியில் ஒன்றிணைப்பர். வெண்சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சீராக்குவதை, சாம்பல் அட்டையைக் கொண்டு முடித்தபின், ஆசையால் சிவப்பைக் கூட்டினால் (பலரும் கூட்டுகிறார்கள்), பொகவந்தலாவை போன்ற மலைநாட்டுத் தேயிலையின் வெளிர்ந்த சாயம் தாழ்நிலத் தேயிலையின் கடுஞ்சாயமாகத் தோன்றிவிடும்.