கையெழுத்துக்கு மட்டும் மகளா?



நம் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தெரியாதவர் உண்டா? ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அங்கே செய்தவை. உங்களில் சிலருடைய அப்பாக்கள் அங்கே ஷிஃப்ட் பார்த்துத்தான் உங்களைப் படிக்க வைத்தார்கள். அது முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தது.

அந்தக் குடும்பத்தில் எம்.வி. முருகப்பன் 2017-இல் காலமானார். அவருக்கு இரண்டு மகள்கள், மகன் இல்லை. மூத்தவர் வள்ளி அருணாசலம், அமெரிக்காவில் வாழும் அணு விஞ்ஞானி. குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் தாய்க்கும் மகள்களுக்குமாக சுமார் 8 சதவீதப் பங்கு இருந்தது. வள்ளி இயக்குநர் குழுவில் ஓர் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் 91 சதவீதத்துக்கு மேல் எதிர் ஓட்டு! பெண் என்பதால்தான் மறுத்தார்கள் என்றார் அவர். 2023-இல் குடும்பத்துக்குள் சமரசமாகிவிட்டது. தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பங்கு இருந்தும் நாற்காலி இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வந்துவிட்டது. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றது 2013 கம்பெனிச் சட்டம். பலர் வீட்டுப் பெண்ணின் பெயரைப் போட்டுக் கணக்கை நேர் செய்தார்கள். பிறகு செபி, முதல் 500 கம்பெனிகளுக்கு 2019 ஏப்ரல் முதலும், முதல் ஆயிரத்துக்கு 2020 ஏப்ரல் முதலும், உறவல்லாத சுயேச்சைப் பெண் இயக்குநர் வேண்டும் என்றது.

சட்டம் பெரிய கம்பெனிகளைத்தான் கேட்கும். எஸ்டேட்டில் லேத்தும் பிரஸ்ஸும் ஓட்டும் உங்களை யார் கேட்பது? டீச்சர் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு மாணவி வீட்டுக்கு வந்தாள். அப்பா கம்பெனியில் அவளும் டைரக்டர். "பேங்க் பேப்பர் வந்தா அப்பா காட்டற இடத்துல கையெழுத்துப் போடுவேன் டீச்சர். எவ்வளவு லோன்னு கேட்டா, உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்னு சொல்வார்" என்றாள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். அவள் போட்டது ஜாமீன் கையெழுத்து. கடன் நின்றுபோனால் பேங்க் அவளையும்தான் தேடி வரும்.

டாஃபேயில் சிவசைலம் தம் மகள் மல்லிகாவை 1986-இல் கம்பெனிக்குள் கொண்டுவந்தார். பின்னாளில் அவரே தலைவரானார். அப்பா கற்றுக்கொடுத்தால் மகள் கற்றுக்கொள்வாள்.

அப்பாக்களே, மகளிடம் கொட்டேஷனைக் காட்டுங்கள், பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போகும்போது கூட்டிப் போங்கள். மகள்களே, படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்