வாரிசற்றோருக்கு வாரிசாக

தந்தையின் கபுரை நாம் அறிவோம். பாட்டனாரின் கபுரைச் சுட்டிக்காட்ட வீட்டில் மூத்தவர் ஒருவராவது இருப்பார். பாட்டனாரின் பாட்டனார் எங்கே அடங்கியிருக்கிறார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? நான்கு தலைமுறை கடந்தால் எந்தக் கபுரும் வாரிசற்றதாகிவிடுகிறது. பழைய மையவாடி என்பது அத்தகையோர் வாழும் ஊர்.

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் வசிக்கும் நாம் சிலர், விடுமுறை நாட்களில் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அரிவாளும் மண்வெட்டியுமாக அத்தகைய மையவாடி ஒன்றுக்குச் செல்வதை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். ஆசிரியர், தையற்காரர், பழக்கடைக்காரர் என ஏழெட்டுப் பேர். கூலியும் இல்லை, பதவியும் இல்லை. “உயிரோடிருப்பவர்களுக்கே செய்ய எவ்வளவோ இருக்க, இறந்தவர்களுக்காக ஏன் இந்தப் பாடு?” என்று கேட்போர் உண்டு. நியாயமான வினாதான், விடையும் சொல்லத்தான் வேண்டும்.

சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிறார். அவ்விடத்தில் 1912ஆம் ஆண்டு நினைவிடம் எழுப்பியவர் பிச்சையா கோனார் என்னும் அன்பர். அரசின் மணிமண்டபம் எழுந்தது 2007இல்தான். கபுரின்மீது கட்டடம் ஆகுமா என்பது மார்க்க அறிஞர்கள் பேசவேண்டிய பொருள். நாம் எண்ணிப் பார்ப்பது வேறு. இரத்த உறவோ சமய உறவோ இல்லாத ஒருவர், நம் புலவர் பெருமானுக்கு வாரிசாக முன்வந்தார். அரசு வருவதற்கு 95 ஆண்டுகள் முன்பே வந்தார்.

கடல் கடந்தும் ஒரு படிப்பினை உண்டு. முதல் உலகப் போரில் காயமுற்று இங்கிலாந்து மருத்துவமனைகளில் உயிர்நீத்த இந்திய முஸ்லிம் வீரர்களுக்காக, வோக்கிங் நகரின் ஷாஜஹான் பள்ளிவாசலுக்குச் சற்றுத் தொலைவில், ஹார்செல் என்னுமிடத்தில் ஓர் அடக்கத்தலம் அமைக்கப்பட்டது. குவிமாட வாயிலும் செங்கற் சுவரும் கொண்ட அழகிய தலம். காலப்போக்கில் விஷமிகள் அதைச் சேதப்படுத்தவே, 1960களின் இறுதியில் அங்கிருந்த வீரர்களின் உடல்கள் புரூக்வுட் இராணுவ அடக்கத்தலத்துக்கு மாற்றப்பட்டன. பின்னர், அவ்வட்டாரத்துப் பொதுவெளியைப் பேணிவரும் ஊர்மக்களின் சங்கம் அந்த வெற்றிடத்தைச் சீராக்க முன்னின்றது. 27 வீரர்களின் நினைவாக 27 இமயமலைப் பூர்ச்ச மரங்களோடு 2015 நவம்பரில் அது அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. போற்றத்தக்க செயலே. ஆயினும், மரங்கள் வந்தபோது மையித்துகள் அங்கே இல்லை. காவல் தாமதித்தால் நினைவைக் காக்கலாம். இடத்தைக் காக்க முடியாது.

நம் ஊர்களில் விஷமிகளைவிட அவசரமே பெரும் பகை. சீமைக்கருவேலை ஒரே நாளில் ஒழிக்க ஜேசிபி இயந்திரத்தை இறக்கினால், முள்ளோடு மீஸான் கற்களும் பெயர்ந்து வரும். கபுருக்கு அருகிலுள்ள முள்ளைக் கையால் வெட்டுவதே முறை. பெருநாளுக்கு அழகு செய்வதாக எண்ணி எனாமல் பூசினால் எழுத்துகள் அடைபடும்; அமிலமும் கம்பித் தூரிகையும் அவற்றைத் தின்றுவிடும். தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். காலை, மாலைச் சாய்வெயிலில் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து புலப்படும். ஹிஜ்ரி ஆண்டு கண்டால் குறித்துக்கொள்ள வேண்டும். 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 ஆங்கில ஆண்டுகள். ஹிஜ்ரி 1221 என்று ஒரு கல்லில் இருந்தால், அதற்குரியவர் வேலூர்ப் புரட்சி நடந்த 1806ஐ ஒட்டி மறைந்தவர் என்று அறியலாம். ஒரு கல், ஒரு பெயர், ஓர் ஆண்டு. இத்தனையும் ஒரு நோட்டில் ஏறினால் ஊரின் வரலாறு எழுதப்பட்டுவிடும். அந்த நோட்டோடு நிலத்தின் புல எண்ணும் எல்லை வரைபடமும் ஜமாஅத்தின் பெட்டியில் இருக்கட்டும். நாளை எல்லைத் தகராறு எழுந்தால் பேசப்போவது அந்தத் தாள்களே.

பள்ளிவாசலைப் பெருக்கி வந்த எளியவர் ஒருவர் மறைந்தபோது, சிறிய விஷயம் என்றெண்ணித் தோழர்கள் அதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தெரிவிக்கவில்லை. செய்தியறிந்த பெருமானார், “எனக்கேன் சொல்லவில்லை?” என்று வினவி, அந்தக் கபுரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். உலகம் பொருட்படுத்தாத ஒருவரின் கபுர் எது என்று கேட்டறிந்த அந்தக் கேள்வியிலேயே நம்மை நோக்கிய வினாவுக்கும் விடை இருக்கிறது. இறந்தோரிடம் நன்றி எதிர்பார்க்க முடியாது; ஆகவேதான் அவர்களுக்குச் செய்யும் பணியில் கலப்படமும் நுழைவதில்லை.

சகோதரர்களே! உங்கள் ஊரிலும் ஒரு பழைய மையவாடி இருக்கும். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள். ஒரு கல்லையேனும் படித்துப் பெயரை எழுதி வையுங்கள். என்றோ ஒருநாள் நமக்கும் நான்கு தலைமுறை கடந்துவிடும். அன்று நம் கபுரின்மேல் படர்ந்த முள்ளை விலக்கும் கைகளை அல்லாஹ் தந்தருள்வானாக!