மேக்ரோ லென்ஸில் செம்பருத்தியும் தில்லையும்

மேக்ரோ லென்ஸின் அடையாளம் 1:1 உருப்பெருக்கம்: பூவில் ஒரு மில்லிமீட்டர், சென்சாரிலும் ஒரு மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் கேமராவில் அப்போது அடங்குவது 36 × 24 மி.மீ. பரப்புதான். கடலூர் வீட்டு வாசல்களில் பூக்கும் செம்பருத்தி முழுசாக அதில் அடங்காது. அடங்க வேண்டியதும் இல்லை. நடுத்தண்டின் நுனியில் ஐந்து சூலகமுடிகள், கீழே மஞ்சள் மகரந்தப் பைகள். பார்க்க வேண்டியவை இவைதான்.

சிக்கல் குவிய ஆழத்தில். எஃப் 11 வைத்தாலும் துல்லியமாக விழுவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ஒரு சூலகமுடி தெளிந்தால் அடுத்தது மங்கும். ஆகவே கேமராவை முக்காலியில் நிறுத்தி, குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்குகிறார்கள். அதற்குள் பூ அசையக் கூடாது. கடலோர ஊரில் வெயில் ஏறினால் கடற்காற்று கிளம்பிவிடும். காலை நேரமே தோது.

சிதம்பரத்துக்குத் தன் பெயரைத் தந்த தில்லை இன்னும் கடினம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் வளரும் இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பூக்கள் மஞ்சள் கதிராகத் தொங்கும். தனிப்பூ சில மில்லிமீட்டர்தான். கிளை ஒடிந்தால் வடியும் பால் கண்ணுக்கு ஆபத்து. இங்கே 60 மி.மீ. லென்ஸைவிட, சற்றுத் தள்ளி நின்றே எடுக்கவிடும் 100 மி.மீ. லென்ஸ் மேல்.