விட்டு வந்த கொப்பிகள்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் மன்னாரில் உயர்தர வகுப்பு மாணவி. விட்டு வந்த நகைகளைவிட உயிரியல் கொப்பிகளுக்காகத்தான் அதிகம் அழுதேன். பரீட்சை எழுதவேயில்லை.

இன்று கலேவெல வீட்டில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் செயற்கை நுண்ணறிவில் இயங்கும் படிப்புச் செயலியொன்றைச் செய்கிறாள். ஆங்கிலத்தில் உள்ள விரிவுரைக் குறிப்புகளை ஏற்றினால் தமிழில் விளக்கம் தரும். ஆங்கிலத்தில் திணறும் பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கினாள்.

"உம்மா, நீங்களே கேட்டுப் பாருங்கள்" என்றாள். ஒளித்தொகுப்பைப் பற்றிக் கேட்டேன். அழகான தமிழில் பதில் வந்தது. ஆனால் ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்து வருகிறதாம்! நீரிலிருந்து என்று எங்கள் டீச்சர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

"இது தெரிந்து சொல்வதில்லை உம்மா. அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுகிறது" என்றாள் மகள். தமிழ்ச் சொற்களை ஆங்கிலத்தைவிடக் கூடுதல் துண்டுகளாக உடைப்பதால் கட்டணமும் கூடுமாம். இதிலுமா என்றிருந்தது எனக்கு.

சகோதரிகளே, இரண்டு கிழமை இருந்து மாற்றினாள். இப்போது முதலில் குறிப்பில் தேடி, பக்க எண்ணோடு பதில் தருகிறது. இல்லாவிட்டால் "குறிப்பில் இல்லை" என்கிறது. அப்படியும் பிழை வரலாம், பக்கத்தைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும் என்கிறாள்.

நேற்று கடையில் ஒரு கொப்பி வாங்கினேன். நினைவிலிருப்பதை எழுதித் தந்தால் ஏற்றுவாளாம். மூன்று பக்கம் எழுதிவிட்டேன்.