மெடிக்கல் போர்டு பேப்பர்ல ஒரு வரி

1/
உடம்பு முடியாம பட்டாளத்துல இருந்து பாதியிலயே வீட்டுக்கு வந்தவங்க உங்க குடும்பத்துலயோ தெருவுலயோ இருந்தா, இந்த த்ரெட்டைக் கடைசி வரைக்கும் படிங்க. நீளம்தான். ஆனா சொல்ல வர்றது ஒரே விஷயம்: மெடிக்கல் போர்டு பேப்பர்ல இருக்கிற ஒரு வரி.

2/
நான் வேலூர் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையா ராணுவத்துக்கு ஆள் அனுப்புற ஊர் இருக்கிற மாவட்டம். ஓ.பி.யில மிலிட்டரிக்காரங்களைப் பார்க்கிறது சாதாரணம்.

பென்ஷன் வாங்குறவங்களுக்கு 2003ல இருந்து இ.சி.ஹெச்.எஸ். திட்டம் இருக்கு. அந்தக் கார்டு இல்லாதவங்களும் எங்க வரிசையில நிற்கிறாங்க. கார்டு ஏன் இல்ல? பென்ஷன் இல்ல. பென்ஷன் ஏன் இல்ல? அங்கதான் அந்த ஒரு வரி வருது.

3/
ஒரு ஜவானுக்கு சர்வீஸ் பென்ஷன் கிடைக்க 15 வருஷம் முடிக்கணும். அதுக்கு முன்னாடியே நோயால "போர்டு அவுட்" ஆனா, டிசபிலிட்டி பென்ஷன்தான் ஆதாரம். அதுக்கு ரெண்டு நிபந்தனை.

ஒண்ணு, பாதிப்பு 20 சதவீதமாவது இருக்கணும். ரெண்டு, அந்த நோய் ராணுவப் பணியால வந்திருக்கணும், இல்லன்னா பணியால அதிகமாகியிருக்கணும்.

4/
ரெண்டாவது நிபந்தனைக்கு "இல்லை"ன்னு போர்டு சொன்னா, அதை ஆங்கிலத்துல நாலு எழுத்தா சுருக்கி எழுதுவாங்க. என்.ஏ.என்.ஏ. சேர்த்துப் படிச்சா "நானா". பணியால் வரவும் இல்லை, பணியால் கூடவும் இல்லை என்று அர்த்தம். முதல் தடவை அதைப் பார்த்தப்போ எனக்கும் அது தமிழ்க் கேள்வி மாதிரிதான் கேட்டுச்சு. இந்த நோய்க்குக் காரணம் நானா?

5/
வலிப்பு மாத்திரைக்கு மாசாமாசம் வர்ற ஒருத்தர். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) நாற்பது வயசு. மாத்திரை ஒழுங்கா போடுறார், ஆனாலும் வலிப்பு நிற்கலை.

"தூக்கம் எப்படிண்ணா?"
"நைட் ட்யூட்டி டாக்டர். ஏ.டி.எம். செக்யூரிட்டி."

தூக்கம் கெட்டா வலிப்பு வரும். பகல் வேலை பார்க்கக்கூடாதான்னு கேட்டேன். "ஃபிட்ஸ்காரனுக்கு யாரு டாக்டர் வேலை குடுப்பா? இதையே சொல்லாமத்தான் வாங்கியிருக்கேன்."

6/
அடுத்த மாசம் ஒரு மஞ்சப்பையில பேப்பர் எல்லாம் எடுத்துட்டு வந்தார். 20 வயசுல சேரும்போது முழு ஃபிட். எட்டாவது வருஷம், வடக்கே ஒரு மலைப் போஸ்டிங்ல முதல் வலிப்பு. சில மாசத்துல போர்டு அவுட்.

பாதிப்பு: 20 சதவீதம். பக்கத்துக் கட்டத்துல "நானா". காரணம்னு இருந்த இடத்துல ஒரே சொல்: "கான்ஸ்டிடியூஷனல்". அதாவது, உடல்வாகு. பத்து வருஷம் முடியாததால அப்போதைய விதிப்படி மாசப் பென்ஷனும் இல்ல. ஒரு தொகையைக் கையில கொடுத்து அனுப்பிட்டாங்க.

7/
டாக்டரா எனக்கு இடிக்கிற இடம் இதுதான். 28 வயசுல முதல் வலிப்பு வந்தா நாங்க காரணம் தேடுவோம். மூளையில நாடாப்புழு நீர்க்கட்டியா, காசநோய்க் கட்டியா, பழைய தலைக்காயமா? ஸ்கேன் எடுப்போம். எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காத வலிப்பும் உண்டு, மறுக்கலை.

ஆனா "காரணம் தெரியலை" என்பதும் "பணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்பதும் ஒண்ணு இல்ல. முதலாவது நேர்மையான பதில். ரெண்டாவதைச் சொல்லணும்னா ஆதாரம் வேணும்.

8/
இதையே உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில தரம்வீர் சிங் வழக்குல சொல்லியிருக்கு. அவரும் வலிப்பு நோயாளிதான். 1985ல சிக்னல்ஸ் பிரிவுல சேர்ந்து, 1994ல 20 சதவீத பாதிப்போட வெளிய அனுப்பப்பட்டவர். தீர்ப்பு வர 19 வருஷம் ஆச்சு.

சாரம் இது:
சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் இல்லன்னா, அவர் ஆரோக்கியமா இருந்தார்னுதான் எடுத்துக்கணும்.
பிறகு வந்த நோய் பணியால வந்ததுன்னு கருதணும். இல்லன்னு நிரூபிக்கிற பொறுப்பு ஜவானுக்கு இல்ல, அரசுக்கு.
சந்தேகம் வந்தா பலன் ஜவானுக்கு.
போர்டு மறுத்தா காரணத்தை எழுதணும்.

2025 மே மாசம், மனச்சிதைவு நோயால வெளிய வந்த இன்னொரு ஜவான் வழக்குலயும், காரணம் எழுதாத போர்டு கருத்தை உச்ச நீதிமன்றம் ஏத்துக்கலை.

9/
மறுபக்கத்தையும் சொல்லணும். எல்லா நோயும் பணியால வர்றது இல்ல. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சர்க்கரை இருந்து, 45 வயசுல பையனுக்கும் வந்தா, போர்டுல உட்கார்ந்திருக்கிற டாக்டர் யோசிக்கத்தான் செய்வார். டிசபிலிட்டி பென்ஷன் சிலரால தவறா பயன்படுத்தப்படுதுன்ற பேச்சும் உண்டு. 2023 செப்டம்பர்ல விதிகளையே மாத்தினாங்க. (அதுக்கு முன்னாடி வெளிய வந்தவங்களுக்குப் பழைய விதிகள்தான்.)

10/
ஆனா 2023ல வந்த சி.ஏ.ஜி. அறிக்கையைப் பாருங்க. 2015-16 முதல் 2019-20 வரை ஓய்வு பெற்ற அதிகாரிகள்ல 36 முதல் 40 சதவீதம் பேர் டிசபிலிட்டி பென்ஷனோட போயிருக்காங்க. ஜவான்கள், ஹவில்தார்கள் மட்டத்துல 15 முதல் 18 சதவீதம்தான்.

அதிகாரிகள் அதிக வயசுல ஓய்வு பெறுறாங்க, அதனால நோயும் அதிகம்னு சொல்லலாம். நியாயம்தான். ஆனா எந்தப் பேப்பரை எங்க கேட்கணும்னு தெரிஞ்சவங்களுக்கும் தெரியாதவங்களுக்கும் உள்ள இடைவெளியும் அதுல இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஓ.பி.யில நான் தினமும் பார்க்கிற இடைவெளி அது.

11/
"பன்னெண்டு வருஷம் ஓடிப்போச்சே டாக்டர், இனிமே யாரைக் கேட்கிறது?"ன்னார் அந்த அண்ணன்.

மாசாமாசம் கிடைக்காத பென்ஷன், மாசாமாசம் தொடர்ற பாதிப்பு. தாமதமா போனாலும் கேட்கலாம், ஆனா பழைய பாக்கி பொதுவா மனு போட்ட நாளுக்கு முந்தின மூணு வருஷத்துக்குத்தான்னு 2008ல தர்சேம் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதாவது, தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும் நஷ்டம்.

எங்ககிட்ட எத்தனை வருஷமா சிகிச்சை, எத்தனை தடவை வலிப்பு, என்னென்ன மருந்து, எல்லாத்தையும் தேதியோட எழுதிக் கொடுத்தேன். மனு போட்டுட்டார். முடிவு இன்னும் வரலை. ஜெயிக்குமான்னு நான் சொல்ல முடியாது, நான் வக்கீல் இல்ல.

12/
இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. அக்னிவீர் திட்டத்துல நாலு வருஷ வேலை, பென்ஷன் கிடையாது. பணியால் ஊனம் வந்தா 100, 75, 50 சதவீதத்துக்கு முறையே 44, 25, 15 லட்சம் ஒரு தடவைத் தொகை. அதுக்கும் அதே நிபந்தனை: பணியால் வந்ததா, பணியால் கூடினதா?

2022 கடைசியிலயும் 2023 தொடக்கத்துலயும் சேர்ந்த முதல் அணிக்கு 2026 கடைசியில இருந்து நாலு வருஷம் முடியுது. அந்த 22, 23 வயசுப் பசங்க பேப்பர்லயும் இந்தக் கட்டம் இருக்கும்.

13/
செய்ய வேண்டியது:

டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு பேப்பர் ரெண்டையும் தேடி எடுங்க. இல்லன்னா ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்க. ஆர்.டி.ஐ.யும் போடலாம்.
"காரணம்" கட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. ஆங்கிலம் புரியலன்னா தெரிஞ்சவங்ககிட்ட படிக்கச் சொல்லுங்க.
மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்க. மேல்முறையீட்டுக்கு அப்புறமும் மறுத்தா ஆயுதப்படை தீர்ப்பாயம் இருக்கு. சென்னையிலயே ஒரு அமர்வு உண்டு.
ஓ.பி. சீட்டு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடாதீங்க.
போர்டு அவுட் ஆனவங்களுக்குப் பென்ஷன் ஏற்கப்பட்டா, 50க்குக் கீழ உள்ள சதவீதத்தை 50ஆ உயர்த்திக் கணக்கிடணும். அதையும் சரிபாருங்க.

14/
டாக்டர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஓ.பி.யில 200 பேர் நிற்கும்போது நீளமா எழுத நேரம் இல்ல, தெரியும். ஆனா எக்ஸ்-சர்வீஸ்மேன்னு ஒருத்தர் சொன்னா, நோய் எப்போ தொடங்குச்சு, அப்போ எங்க போஸ்டிங்னு ரெண்டு வரி சேர்த்து எழுதுங்க. அவர் மனு போடும்போது அந்த ரெண்டு வரிதான் சாட்சி.

தெரிஞ்ச மிலிட்டரிக் குடும்பம் இருந்தா பகிருங்க.